வீலிக்கு ஒரு திடல் கேட்போம்

ஊர்ப் பெடியன் ஒருவன் பைக்கின் முன்சில்லைத் தூக்கிக்கொண்டு போகிற வீடியோ பேஸ்புக்கில் வந்தால், அதற்குக் கீழே இரண்டு வகை ஆக்கள் வருவார்கள். முதல் வகை "சிங்கம்டா", "கெத்து" என்று எழுதி, நாலு நெருப்புப் படமும் போட்டுவிட்டுப் போகும். இரண்டாம் வகை "பொலிஸ் பிடிச்சுக் கையைக் காலை முறிக்கோணும்", "தாய் தேப்பன் வளர்த்த வளர்ப்பு", "வெளிநாட்டுக் காசு செய்யிற வேலை" என்று எழுதும். இந்த இரண்டாம் வகையில் கனபேர் வெளிநாட்டில் இருந்துகொண்டுதான் எழுதுகிறார்கள் என்பது வேறு கதை. இரண்டு பகுதியும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. வீடியோவைப் பகிர்ந்துவிட்டுத்தான் போவார்கள்.

எனக்கு இரண்டு பகுதியோடும் சண்டை இருக்கிறது. வீலி ஒரு வித்தை. பழகவேண்டிய, பழக்கிவிடக்கூடிய வித்தை. அதைச் சனம் போய்வருகிற றோட்டில் பழகுவதும், றோட்டில் காட்டுவதும் அநியாயம். இந்த அநியாயத்தை அடியாலும் தண்டத்தாலும் மட்டும் நிற்பாட்டலாம் என்று நினைப்பது விசர்க்கதை. பழகுவதற்கு ஓர் இடம் வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

வலது கால் எங்கே?

வீலி என்றால் முறுக்கித் தூக்குவது என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். தூக்குவது லேசு. 150 சீசீ பல்சரிலோ எப்.இசட்டிலோ முதலாம் கியரில் மெல்லப் போய், கிளச்சைப் பாதி பிடித்து, முறுக்கி இரைய வைத்து, கிளச்சைப் பட்டென்று விட்டால் முன்சில்லு எழும்பும். எழும்பின சில்லை என்ன செய்வது என்பதில்தான் வித்தை கிடக்கிறது.

சில்லு எழும்ப எழும்ப, பைக்கின் பாரமும் ஓடுகிறவரின் பாரமும் பின்சில்லை நோக்கிப் போகும். ஓர் இடத்தில் அந்தப் பாரம் நேரே பின்சில்லுக்கு மேல் வந்து நிற்கும். அந்த இடத்துக்கு வர முதல் முறுக்கைக் குறைத்தால் சில்லு கீழே வந்துவிடும். அதைத் தாண்டினால் முறுக்கைக் குறைத்துப் பிரயோசனம் இல்லை. பைக் பின்பக்கமாகக் கவிழும், ஓடினவர் முதுகடிபட விழுவார், பைக் எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் காப்பாற்றக்கூடியது ஒன்றுதான். வலது காலுக்குக் கீழே இருக்கிற பின் பிரேக். அதை மெல்ல அமத்தினால் பின்சில்லு மந்தமாகும், முன்சில்லு இறங்கும். ஒழுங்காகப் பழகினவர்களின் வலது கால் தொடங்கினதில் இருந்து முடியும்வரை அந்தப் பெடலுக்கு மேலேயே இருக்கும். நல்லாகப் பழக்குகிறவர்கள் முதல் பாடத்திலேயே இறக்கத்தான் பழக்குவார்கள். அரையடி தூக்கு, பிரேக்கை அமத்து, இறக்கு. திரும்பவும் அரையடி. யோசிக்காமல் கால் தானாக அமத்தும்வரை அதே வேலை. அதற்குப் பிறகுதான் உயரம், அதற்குப் பிறகுதான் தூரம்.

இப்ப உங்கட ஃபோனில் இருக்கிற ஏதாவது ஒரு வீலி வீடியோவை எடுத்துப் பாருங்கள். வலது கால் தெரிகிறதா? பெரும்பாலும் தெரியாது. கமரா முன்சில்லைத்தான் பார்க்கும். பதினைந்து செக்கனுக்குள் சில்லு எழும்பும், பின்னணியில் ஒரு பாட்டு ஏறும், சில்லு இறங்க முதல் வீடியோவை வெட்டிவிடுவார்கள். முதல் நாள் விழுந்து முழங்கால் கிழிந்ததும், அதற்கு முதல் மாதம் முழுக்க அரையடி அரையடியாகத் தூக்கினதும் அதில் இல்லை. இதைப் பார்த்துப் பழகுகிற பெடியன் வித்தையின் பாதியைத்தான் பழகுகிறான். மற்றப் பாதியை றோட்டில் தார் பழக்குகிறது.

பைக்குக்கும் இதே கதிதான். இறக்கத் தெரியாமல் முறுக்கைப் படக்கென்று விட்டால் முன்சில்லு தொம்மென்று வந்து விழும். முன் ஷொக்கில் ஒயில் சீல் போகும், ஹாண்டிலுக்குக் கீழே கோன்செற் அடிவாங்கும், கிளச் பிளேற் தேயும், செயின் இழுபடும். கனநேரம் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஓடினால் எஞ்சின் ஒயில் பின்னுக்குப் போய், பம்புக்கு ஒயில் கிடையாமல் எஞ்சினே இறுகிப்போகலாம். "கெத்து" என்று எழுதினவர்கள் இந்தப் பில்லுக்குக் காசு தரப்போவதில்லை.

வீலி வெறும் குரங்குச் சேட்டை என்று சொல்கிற பெரியாக்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1984இல் அமெரிக்காவில் டக் டொமொகொஸ் என்பவர் டலடேகா பந்தயப் பாதையில் பின்சில்லில் மட்டும் 145 மைல் ஓடினார். 1991இல் ஜப்பானில் யசுயுகி குடோ என்பவர் நிற்பாட்டாமல் 331 கிலோமீற்றர் ஓடினார். யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டு வவுனியா போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் கிடக்கிற தூரம் அது. கையும் காலும் காதும் ஒன்றாக வேலை செய்யாமல் இது நடக்காது. மரியாதை குடுக்கவேண்டிய வேலை. ஆனால் இரண்டு பேரும் எங்கே ஓடினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் பந்தயப் பாதையில். மற்றவர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் சோதனைப் பாதையில். எதிரில் பஸ் வரவில்லை. குறுக்கே மாடு வரவில்லை.

"என்ர உயிர், என்ர பைக்"

இனிப் பெடியளோடு கதைப்போம். றோட்டில் ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டால் வருகிற மறுமொழி இது: "விழுந்தா நான்தானே சாகப்போறன். என்ர உயிர், என்ர பைக். உங்களுக்கென்ன?"

இந்தக் கதை ஒவ்வொரு சொல்லிலும் பிழை. முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பினால் மூன்று விஷயம் உங்களிடம் இருந்து போகிறது. முதலாவது திருப்பல். முன்சில்லு காற்றில் நிற்கும்போது ஹாண்டிலைத் திருப்பி என்ன செய்யப்போகிறீர்கள்? இரண்டாவது பிரேக். ஓடுகிற பைக்கை நிற்பாட்டுகிற சக்தியில் பெரிய பங்கு முன்பிரேக்கில் இருந்துதான் வருகிறது. மூன்றாவது பார்வை. நிமிர்ந்து நிற்கிற பைக் உங்கட முகத்துக்கு முன்னால் நிற்கும். இரவு என்றால் கேட்கவே வேண்டாம். லைற் பனை வட்டுக்கு அடிக்கும், றோட்டுக்கு அடிக்காது. திரும்பவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. அது போகிற இடத்தில் "என்ர உயிர்" மட்டும் இல்லை.

எங்கட றோட்டு எப்படிப்பட்டது என்று ஒருக்கால் யோசியுங்கள். போருக்குப் பிறகு போட்ட காப்பெற் றோட்டு கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. ஆனால் அதில் வந்து ஏறுகிற ஒழுங்கைகள் பழைய ஒழுங்கைகள்தான். மதிலும் தகரவேலியும் மறைக்கிற ஒழுங்கை வாயால், பின்னேரம் சந்தையால் வருகிற அம்மம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறுவா. ரியூசன் விட்டு வருகிற பிள்ளைகள் மூன்று பேர் சமாந்தரமாகக் கதைத்துக்கொண்டு வருவார்கள். கட்டாக்காலி மாடு நடுறோட்டில் படுத்திருக்கும். இவர்கள் ஒருவரும் உங்கட பயிற்சிக்குச் சம்மதம் தரவில்லை. விழுகிற ஆபத்தை நீங்கள் தெரிந்து எடுக்கிறீர்கள். அம்மம்மா தெரிந்து எடுக்கவில்லை. வீரம் என்றால் தனக்கு வருகிற ஆபத்தைத் தாங்குவது. அதை அடுத்தவரின் தலையில் வைப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

"என்ர பைக்" என்பதும் பாதி உண்மைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள். தனிப்பட்ட பாவனைக்கு வாகனம் இறக்கத் திரும்ப விட்டது 2025இல்தான். இடைப்பட்ட வருடங்களில் பழைய பைக்கே நகை மாதிரி விலை போனது. அந்தக் காலத்தில் வாங்கின பைக்குகளுக்குப் பின்னால் அம்மாவின் அடகுச் சிட்டு இருக்கிறது, லீசிங் தவணை இருக்கிறது, குளிரில் நின்று உழைக்கிற மாமாவின் காசு இருக்கிறது. 2022இல் கியூ.ஆர். கோட் வந்த புதிதில் ஒரு மோட்டசைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல். அந்த நாலு லீற்றருக்குச் செற்றுக்கு முன்னால் இரவிரவாகக் கிடந்த அப்பாமார் இருக்கிறார்கள். அந்தப் பைக் உங்கட பெயரில் இருக்கலாம். அது தனிய உங்கட சொத்து இல்லை.

உயிரும் அப்படித்தான். விழுந்தவர் எலும்பு முறிவு வார்ட்டில் படுத்திருப்பார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் குந்தியிருப்பது அம்மா. இரத்தத்துக்கு ஆள் தேடி ஃபோன் அடிப்பது அக்கா. "என்ர உயிர்" என்று சொன்னவரின் மூத்திரப் போத்திலைப் பிடிப்பது இன்னொருவர்.

பார்வையாளர்கள் என்று எங்களை யார் சொன்னது?

நான் கியர் பைக் ஓடுகிற பொம்பிளைப்பிள்ளை. கம்பஸுக்கும் அதில்தான் போய்வருகிறேன். அதனால் இந்தப் பந்தியை எழுத எனக்கு உரிமை கொஞ்சம் கூட இருக்கிறது.

வீலி அடிக்கிற இடங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பின்னேரம் ரியூசன் வாசல். பெட்டையளின் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பிக் மட்ச் காலத்து ஊர்வலம். அதாவது நாங்கள் நிற்கிற இடம். நாங்கள் வாயைப் பிளந்து பார்ப்போம் என்பது அவர்களின் நினைப்பு. உண்மையில் நாங்கள் பார்ப்பது எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்றுதான். பக்கத்தில் நிற்கிற தங்கச்சியின் கையைப் பிடித்து மதிலோடு இழுக்கிறோம். எடுப்புக் காட்டுகிறவருக்கு அது கைதட்டல் மாதிரித் தெரிகிறது போல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வீலி பழக ஆசைப்படுகிற பெட்டையளும் இருக்கிறோம். ஆனால் எங்களுக்கு யார் பழக்குவது? பெடியள் பழகுகிற ஆளில்லாத றோட்டுக்கு நாங்கள் தனியப் போக ஏலாது. விழுந்து முழங்கால் கிழிந்தால் பெடியனுக்கு அது தழும்பு. எங்களுக்கு "இதுக்குத்தான் சொன்னனாங்கள், பொம்பிளைப்பிள்ளைக்குப் பைக் வேண்டாமெண்டு" என்ற வாழ்நாள் பேச்சு. இந்த வித்தை றோட்டில் ஒளித்துப் பழகுகிற வித்தையாக இருக்கும்வரை அது ஆம்பிளையளின் வித்தையாகத்தான் இருக்கும். ஒரு மைதானம் இருந்தால் கேற்றால் உள்ளே போகிற உரிமை எங்களுக்கும் இருக்கும். கிரிக்கெட்டும் கரப்பந்தும் எங்களுக்கு வந்த வழி அதுதான்.

பெரியாக்களுக்கு

இனி "காவாலியள்" என்று எழுதுகிற ஐயாமாரிடமும் அன்ரிமாரிடமும் வருவோம்.

வாள்வெட்டுச் செய்தி வந்த காலத்தில் இருந்து, எங்கட ஊரில் இரண்டு பெடியள் ஒரு பைக்கில் போனாலே சந்தேகம். வாள் கொண்டுபோகிறவனையும் முன்சில்லைத் தூக்குகிறவனையும் ஒரே சொல்லால் கூப்பிடுகிறீர்கள். ஒரே சொல்லால் கூப்பிட்டால் ஒருநாள் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருப்பார்கள். மெஷினில் ஆசை இருக்கிற பெடியனை ரவுடி என்று முத்திரை குத்தி ரவுடியின் பக்கமே தள்ளிவிடுகிற வேலையைத்தான் அந்தச் சொல் செய்கிறது.

மெஷினில் ஆசை உங்களுக்குத் தெரியாத ஒன்றா? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டசைக்கிள் ஓட்டினது நீங்கள்தான். காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, புகை கக்கக் கக்க ஊரெல்லாம் ஓடின கதையைச் சொல்லும்போது உங்கட முகத்தில் வருகிற வெளிச்சத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். எந்தப் புத்தகத்திலும் படிக்காமல், அடிபட்டுச் சூடுபட்டுப் பழகின வித்தை அது. உங்கட பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கை வந்திருக்கிறது. கோபிக்க என்ன இருக்கு?

அதற்கும் முந்தின உதாரணம் ஒன்று இருக்கிறது. மாட்டுவண்டிச் சவாரி. வேகத்துக்கும் எடுப்புக்கும் ஆசைப்பட்ட எங்கட தாத்தாமாருக்கு ஊர் என்ன செய்தது? "காவாலியள், வண்டிலைப் பறியுங்கோ" என்று சொல்லவில்லை. சவாரித் திடல் என்று ஓர் இடத்தை ஒதுக்கிக் குடுத்தது. காளைகளைப் பிரிவு பிரித்து, சோடி சேர்த்து, நடுவர் வைத்து, வென்றவருக்குப் பரிசு குடுத்து அதைக் கொண்டாட்டமாக்கியது. இன்றைக்கும் தமிழர் பாரம்பரியம் என்று அதை மேடையில் பேசுகிறோம். காளைக்கு நோகிற விளையாட்டுக்கே திடல் இருக்கிறது. பைக்குக்கு நோகாது. அப்ப இதற்கு ஏன் இல்லை?

"பொலிஸ் பார்த்துக்கொள்ளும்"

இந்த வசனத்தை வேறு ஊர்க்காரர் லேசாகச் சொல்லலாம். எங்களால் ஏலாது. 2016 ஒக்ரோபரில் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியடியில் மோட்டசைக்கிளில் போன யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர், பொலிஸ் சுட்ட சம்பவத்தில் இறந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். பிறகுதான் சூட்டுக்காயம் வெளியில் வந்தது, ஐந்து பொலிஸார் கைதானார்கள். அவர்கள் வீலி அடிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "துரத்திப் பிடிச்சு முறிக்கோணும்" என்று எழுதுகிற விரல்கள் இதை மறக்கக்கூடாது. இருட்டில் ஒரு பைக்கைத் துரத்துவது இந்த மண்ணில் சின்ன விஷயம் இல்லை.

துரத்தினால் என்ன நடக்கும்? நம்பர் பிளேற்றைக் கழற்றிவிட்டு ஓடுவார்கள். இன்னும் ஒதுக்கமான, இன்னும் வெளிச்சமில்லாத றோட்டுக்குப் போவார்கள். விழுந்தால் தூக்க ஆள் இல்லாத இடத்தில் விழுவார்கள்.

பெரிய தண்டனை குடுத்தால் மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று சொல்கிறீர்களா? தமிழ்நாட்டில் டிடிஎஃப் வாசனின் கதையை எங்கட பெடியள் எல்லாருக்கும் தெரியும். 2023 செப்ரெம்பரில் காஞ்சிபுரத்துக்குக் கிட்ட நெடுஞ்சாலையில் வீலி அடிக்கப்போய் விழுந்தார் என்று பொலிஸ் வழக்குப் போட்டது. முழுப் பாதுகாப்பு உடுப்போடு இருந்தவருக்கே கை முறிந்தது. எங்கட ஆக்கள் பாட்டாச் செருப்போடும் பின்னால் கட்டித் தொங்கவிட்ட ஹெல்மெற்றோடும் அதைச் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பிணை கேட்டபோது நீதிபதி பைக்கை எரித்துவிடச் சொன்னார். லைசன் 2033வரை இல்லை என்றார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் வீலி நின்றுவிட்டதா? எங்கட பக்கம்தான் குறைந்ததா? வாசன் செய்தது பிழை. தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பைக்கை எரித்தால் ஒரு ஆசை எரியாது.

அமெரிக்காவில் பால்ரிமோர் என்ற நகரம் இதே பாடத்தை வேறு மாதிரிப் படித்தது. அங்கே கறுப்பினப் பெடியள் டேர்ட் பைக்கில் கூட்டமாக வந்து முன்சில்லை வானத்துக்குத் தூக்குவார்கள். 12 மணி முள் மாதிரி நேரே நிற்பதால் அவர்களுக்கு "12 ஓ'கிளொக் போய்ஸ்" என்று பெயர். 2013இல் அதே பெயரில் ஆவணப்படமும் வந்தது. நகர வீதியில் அது சட்டவிரோதம். பொலிஸ் துரத்தினால் ஆபத்துக் கூடும் என்பதும் அங்கே தெரிந்த விஷயம். 2017இல் பிரிற்றனி யங் என்ற பெண் பி-360 என்ற அமைப்பைத் தொடங்கினார். பைக் திருத்துகிறது, பாதுகாப்பாக ஓடுகிறது, அதற்குள் இருக்கிற கணிதமும் விஞ்ஞானமும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள். பெடியளின் கையில் இருப்பது குற்றம் இல்லை, திறமை என்று முதலில் சொன்னார்கள். மிச்சம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்ப என்ன கேட்கிறோம்?

"ஓட ஆசையெண்டா ரேஸ் நடக்கிற இடத்துக்குப் போகட்டுமே" என்பார்கள். எங்கே? இந்த நாட்டில் சுப்பர்குறொஸ் நடக்கிற பாதைகளைப் பாருங்கள். தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் இராணுவ அக்கடமியினது. சாலியபுரவில் கஜபா, மின்னேரியாவில் கன்னர், தம்புள்ளையில் கவல்ரி. போட்டியின் பெயரிலேயே படைப்பிரிவு இருக்கிறது. படை நடத்தினால் விளையாட்டு, பெடியன் செய்தால் காவாலித்தனம். வலிகாமம் வடக்கில் சனம் இன்னும் தன்ர காணியைத் தா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த மண்ணில் இருந்துகொண்டு, படை முகாமுக்குள் எங்களுக்கு ஒரு பாதை தாருங்கோ என்று நான் கேட்கப்போவதில்லை.

பாதை இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை. 2024 ஏப்ரல் 21 அன்று அதே ஃபொக்ஸ் ஹில்லில் ஓட்டப்போட்டியில் ஒரு கார் பாதையை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அதில் ஒன்று எட்டு வயதுப் பிள்ளை. பாதை இருந்தது, படை இருந்தது, பெயர் இருந்தது. சனம் நிற்கிற இடத்துக்கும் வாகனம் ஓடுகிற இடத்துக்கும் நடுவில் இருக்கவேண்டியது இருக்கவில்லை. ஆகவே திடல் என்று நான் சொல்வது வெறும் நிலத்தை இல்லை. ஒழுங்கையும் சேர்த்துத்தான்.

பிரதேச சபையிடம் கேட்போம். பாவிக்காமல் கிடக்கிற ஒரு துண்டுத் தார்ப்பாதை, அல்லது சந்தை இல்லாத நாளில் சும்மா கிடக்கிற கொங்கிரீற் வளவு. கிழமையில் ஒரு பின்னேரம். இரண்டு பக்கமும் மண்மூட்டை, பார்க்கிறவர்களுக்குத் தள்ளி ஒரு கயிறு. ஹெல்மெற், சப்பாத்து, கையுறை இல்லாதவருக்கு உள்ளே இடமில்லை. லைசன் இல்லாதவருக்கும் இல்லை. முதலுதவி தெரிந்த ஒருவர். பழக்குவதற்கு, முன்சில்லைத் தூக்கவும் தெரிந்து இறக்கவும் தெரிந்த ஒரு கராஜ்கார அண்ணை. பெட்டையளுக்கும் அதே கேற், அதே நேரம். முதல் மாதம் முழுக்கப் பின் பிரேக் மட்டும். விளையாட்டுக் கழகம் ஒன்று பொறுப்பெடுத்தால் நடக்கிற காரியம். கரப்பந்துக்கு லைற் போட்டுக் குடுக்கத் தெரிந்த கழகங்கள் எங்களிடம் இருக்கின்றன.

"ஆஸ்பத்திரியில மருந்தில்லாத ஊரில வீலிக்கு மைதானமா?" என்று கேட்பீர்கள். மருந்தில்லாத ஆஸ்பத்திரிக்கு முறிந்த காலோடு ஆள் அனுப்பாமல் இருக்கத்தான் கேட்கிறேன். மண்மூட்டையும் கயிறும் ஒரு தொடை எலும்புக்குள் வைக்கிற தகட்டைவிட மலிவு.

"இடம் குடுத்தா இன்னும் கூடப் பழகுவாங்கள்" என்பீர்கள். பழகட்டும். பழகினவர் விழுவது குறையும். வித்தை கைவந்தவருக்கு அதன் ஆபத்தும் தெரியும். இறக்கத் தெரியாமல் தூக்குகிறவருக்குத்தான் எதுவும் தெரியாது.

"இடம் குடுத்தாலும் றோட்டில அடிக்கிறவன் அடிப்பான்" என்பீர்கள். உண்மை. சிலர் அடிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது வித்தை இல்லை, பயந்து ஒதுங்குகிற சனம். திடல் வந்த பிறகும் ரியூசன் வாசலில் முன்சில்லைத் தூக்குகிறவரின் பைக்கைச் சட்டப்படி பறியுங்கள், வழக்குப் போடுங்கள். நானே சாட்சிக்கு வருகிறேன். இன்றைக்கு அந்தத் தண்டனைக்கு நியாயம் பாதிதான். "வேற எங்க போறது?" என்ற கேள்விக்கு ஒருவரிடமும் மறுமொழி இல்லை.

2023 மார்ச்சில் காலம் முடிந்த உள்ளூராட்சிச் சபைகள் 2025 மே தேர்தலுக்குப் பிறகுதான் திரும்ப வந்தன. எங்களில் கனபேர் அதில்தான் முதல்முறை ஊர்ச் சபைக்கு வோட்டுப் போட்டோம். கேற்றுக்குள் வந்து, "இளைஞர்களின் எதிர்காலம்" என்று துண்டுப் பிரசுரம் தந்துவிட்டுப் போனவர்கள் இப்போது சபையில் இருக்கிறார்கள். அந்தத் துண்டை வைத்திருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கட வட்டார உறுப்பினருக்கு ஒரு கடிதம். கழகத் தலைவரின் கையெழுத்து ஒன்று, பைக் ஓடுகிற இருபது பேரின் கையெழுத்து, கராஜ் அண்ணையின் கையெழுத்து. முடிந்தால் சந்தையடி அம்மம்மாவிடமும் ஒன்று வாங்குங்கள். இந்தத் திடல் எல்லாருக்கும் முதல் அவவுக்குத்தான் தேவை.

அதுவரைக்கும், தம்பிமார், சில்லு நிலத்திலேயே இருக்கட்டும். நெருப்புப் படம் போடுகிற நண்பர்களே, அடுத்த வீடியோ வந்தால் பகிர முதல் ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள். வலது கால் எங்கே என்று.